நாற்பத்தொன்பதாம் நாள் என்ன சாப்பிடுவது?

டயட் சார்ட் எழுதுவதைப் பற்றி, உணவு ஆலோசகர்களான உங்களுக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் சொல்ல வந்தது சார்ட் முடிந்த மறுநாளைப் பற்றி. எடை குறைந்துவிட்டது என்று நீங்களும் சந்தோஷப்பட்டு, வந்தவரும் சந்தோஷப்பட்டு, அவர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போகிறாரே, அதற்கு அடுத்த நாள். நம் வேலை அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது என்று எனக்குப் புரிய எட்டு வருஷம் ஆயிற்று. புரியவைத்தது ஒரு டெய்லர். நான் பாடம் படித்தது ஓர் இட்லிக்கடை அம்மாவிடம்.

வேலூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, 1989இல் திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராகச் சேர்ந்தேன். அப்படி ஒரு வேலை இருப்பதே ஊரில் பலருக்குத் தெரியாது. கேன்டீன் பொறுப்பாளர் என்று நினைத்துக்கொண்டு, காபி தண்ணியாக இருக்கிறது என்று என்னிடம் புகார் சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. சார்ட் எழுதிக் கொடுத்தால் பவ்யமாக வாங்கிக்கொள்வார்கள். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எதிர் டீக்கடையில் நின்று போண்டா சாப்பிடுவார்கள். என் அறை ஜன்னலிலிருந்தே அது தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கறி இல்லாமல் ஒரு வேளைச் சோறு இறங்காத மனுஷர், மாலை போட்டுவிட்டால் நாற்பத்தெட்டு நாளும் செருப்பில்லாமல் நடக்கிறார், கறிக்கடை இருக்கும் பக்கம்கூடத் திரும்புவதில்லை. ஒரு மண்டலம் என்று வாயால் சொல்லிவிட்டால் இந்த ஊர்க்காரர்கள் அசைய மாட்டார்கள். அதனால் சார்ட்டை மஞ்சள் தாளில் அச்சடித்தேன். "இதை டயட்டுன்னு நெனைக்காதீங்க. ஒரு மண்டல விரதம்னு வெச்சுக்கோங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். அவ்வளவுதான். சிலர் அதைப் பூஜை அறையில் மாட்டினார்கள். சிலர் கையில் காப்பு கட்டிக்கொண்டார்கள். ஐந்து கிலோ, ஆறு கிலோ என்று மளமளவென்று இறங்கியது. ஊரை ஒட்டிய வேங்கிக்கால் ஆபீஸ்களிலிருந்து கும்பல் கும்பலாக வர ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நடையே கொஞ்சம் மாறிவிட்டது என்று வீட்டில் கேலி செய்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு தையல் கடை. அந்த டெய்லரின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஊருக்கே அவர் பாய். எனக்கும் பாய்தான். 1997இல் ஒருநாள் ஜாக்கெட் வாங்கப் போனபோது, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"மேடம், தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க ஆளுங்க சித்திரையில ஜாக்கெட்டைப் புடிக்க வர்றாங்க. ஆவணிக்குள்ள அதையே பிரிக்க வர்றாங்க. எனக்கு வேலை ஜாஸ்தி ஆவுது. உங்களுக்கு எப்படி?"

"யாரு, என் பேஷன்ட்டா?"

"மஞ்சச் சீட்டு ஆளுங்கதான். நான் இப்பல்லாம் உள் துணியை வெட்டறதே இல்ல. ரெண்டு இன்ச் மடிச்சு உள்ளயே விட்டுடறேன். எப்படியும் வருவாங்கன்னு தெரியும்ல."

எனக்குச் சுரீர் என்றது. அந்த வாரமே பழைய கார்டுகளை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களை வீடு தேடிப் போனேன். பெரும்பாலும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். ஒருவர் என்னைத் தெருமுனையில் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கமாக வெளியே போய்விட்டார். வேங்கிக்காலில் ஓர் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் மட்டும் நேர்மையாகச் சொன்னார்: "நாப்பத்தெட்டாம் நாளோட நல்லபடியா முடிச்சிட்டேங்க மேடம். வடை, பாயசம், பக்கத்து வீட்டுக்கெல்லாம் இலை போட்டோம்."

விரதம் என்றால் முடிப்பார்கள். முடிக்கிற நாளில் இலை போடுவார்கள். மறுநாள் காப்பை அவிழ்த்துவிட்டுப் பழையபடி இருப்பார்கள். விரதம் என்று சொல்லிக் கொடுத்தவளே நான்தான். இதை அன்றே ஒத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் வீம்பு விடவில்லை. "அப்போ ரெண்டு மண்டலம் இருங்க" என்று இன்னும் கொஞ்சம் மஞ்சள் தாள் அச்சடித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

1999 பங்குனியில் பச்சையம்மா வந்தார். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இட்லிக்கடை. நாற்பத்தொரு வயது, எண்பத்துநான்கு கிலோ. கூடவே அவர் தம்பி ஏழுமலை. கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு கிட்னியும் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்ள வேலூருக்கு அலைந்துகொண்டிருந்தார். முகம் வீங்கி, கால் வீங்கி, முப்பத்திரண்டு வயது ஆளுக்கு ஐம்பது மதிக்கலாம்.

"என் கிட்னி ஒண்ணு இவனுக்குப் பொருந்துதாம் டாக்டரம்மா" என்றார் பச்சையம்மா. நான் டாக்டர் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்பதாக இல்லை. "ஆனா இந்த உடம்போட எடுக்க மாட்டாங்களாம். எழுபத்திரண்டுக்குக் கீழ வரணுமாம். சென்னையில பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. இன்னா பண்ணணும்னு சொல்லுங்க, பண்றேன்."

மஞ்சள் சீட்டைக் கொடுத்தேன். கோயிலுக்குப் போய்க் காப்பு கட்டிக்கொண்டு வந்தார். ஒரு மண்டலம் இல்லை, விடாமல் மூன்று மண்டலம். நாள் முழுக்க இட்லிப் பானை முன்னால் நிற்கிற பெண், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஆவணிக் கடைசியில் எழுபதுக்கு வந்துவிட்டார். சென்னை டாக்டர்கள் பார்த்துவிட்டுச் சொன்னார்களாம்: "தை மாசம் ஆபரேஷன். அதுவரைக்கும் எழுபத்திரண்டைத் தாண்டாம நில்லுங்க. ஏறினா தள்ளிப்போகும்." நான் அன்றைக்கு எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். டயட் செக்ஷனில் இனிப்பு! என் புத்தி அப்படி இருந்தது.

புரட்டாசி நடுவில் எடை பார்க்க வந்தார். கையில் காப்பு இல்லை. மெஷினில் ஏறினார். எழுபத்துநான்கு.

"என்ன ஆச்சு?"

"வேண்டுதல் முடிச்சேன் டாக்டரம்மா. தெருவுக்கே பொங்கல், வடை, பாயசம். அப்புறம் எப்பவும் போலதான் இருக்கேன்."

நான் கத்திவிட்டேன். "தம்பி உயிரோட விளையாடறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். நம் தொழிலில் சொல்லவே கூடாத வார்த்தை அது. பச்சையம்மா அழவில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்:

"நீங்கதானே விரதம்னு சொன்னீங்க? விரதம்னா முடிக்கணும். முடிக்காம வுட்டா அது சாமிக் குத்தம். அதுக்கப்புறம் இன்னா பண்ணணும்னு நீங்க எழுதவே இல்லையே?"

மஞ்சள் தாளைத் திருப்பிப் பார்த்தேன். நாற்பத்தெட்டாம் நாளோடு தாள் முடிந்திருந்தது. நாற்பத்தொன்பதாம் நாள் என்ன சாப்பிடுவது என்று நான் யாருக்குமே எழுதிக் கொடுத்ததில்லை.

வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழுமலை சத்தம் கேட்டு உள்ளே வந்தார். நடந்த நடைக்கே மூச்சு வாங்கியது. "மேடம், அந்த மஞ்சச் சீட்டு இன்னொண்ணு குடுத்துடுங்க. தை வரைக்கும் அக்கா இருந்துக்கும்" என்றார். பச்சையம்மாவும் கையை நீட்டினார். "குடுங்க டாக்டரம்மா. கஞ்சித் தண்ணியில இருக்கச் சொன்னாலும் இருக்கேன்."

சீட்டு மேஜை மேலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தால் எனக்கு நிம்மதி, அவர்களுக்கும் நிம்மதி. தை வரைக்கும் அவர் நிச்சயம் தாங்குவார். நெஞ்சுரம் உள்ள மனுஷி. ஆனால் ஆபரேஷன் முடிந்ததும் மறுபடி ஒரு வேண்டுதல் முடிப்பார். அதற்கப்புறம் ஒற்றைக் கிட்னியோடு வாழப்போகிற உடம்பு அது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்து ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாத உடம்பு. வாழ்நாளுக்கும் எந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பார்? தம்பியைக் காப்பாற்றிவிட்டு அக்காவைத் தொலைப்பதா?

"கொடுக்க மாட்டேன்" என்றேன்.

ஏழுமலையின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. "அப்போ நான் இன்னா பண்றது மேடம்?" என்றார். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது: "நாளைக்குக் காலையில கடைக்கு வர்றேன். பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் முதல் டவுன் பஸ்ஸில் அடி அண்ணாமலைக்குப் போனேன். கடையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒன்பது மணி வரைக்கும் பச்சையம்மா உட்கார்ந்து சாப்பிட்டது ஒன்றுமே இல்லை. நின்றபடி வாய்க்குள் போனதை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், விரல் போதவில்லை. ஒவ்வொரு ஈடு எடுக்கும்போதும் ஓர் இட்லியைப் பிட்டு வேக்காடு பார்ப்பார். சட்னி அரைத்ததும் உள்ளங்கையில் ஒரு துளி. சாம்பாரில் ஒரு கரண்டி. கடைசியில் உடைந்த இட்லிகள், யாரும் கேட்காத வடை.

"இதெல்லாம் எப்போ சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க துன்னேன்? காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி படலியே!"

"உடைஞ்ச இட்லி?"

"அது வீணாப் போவக் கூடாதுன்னு."

"ஈட்டுக்கு ஈடு பிட்டுப் போட்டீங்களே?"

"அது ருசி பாக்கறது டாக்டரம்மா. அதைப் போய்ச் சாப்பாடுன்னு சொல்றீங்களே!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விரதம் இருந்த ஐந்து மாசமும் காப்பு கட்டிய கையால் ருசி பார்க்கவில்லை. காப்பை அவிழ்த்ததும் ருசியும் திரும்ப வந்துவிட்டது. மூன்று மண்டலம் சார்ட் எழுதியும் இந்த மனுஷி எப்படிச் சாப்பிடுகிறார் என்று நான் ஒருநாள்கூட வந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாதி வேலை அன்றே முடிந்திருக்கும்.

அன்றைக்கே ஓர் ஏற்பாடு செய்தோம். ருசி பார்க்கிற வேலை அவர் வீட்டுக்காரருக்கு. கட்டின வேட்டி இடுப்பில் நிற்காத ஒல்லி ஆள் அவர். சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். உடைந்த இட்லி மாட்டுக்கு. எட்டரை மணிக்குப் பச்சையம்மா கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து தட்டில் வைத்து மூன்று இட்லி, வேண்டிய மட்டும் சட்னி சாப்பிட வேண்டும். "கடைக்காரி வாடிக்கைக்காரங்க மாதிரி உக்காந்து சாப்புடறதா?" என்று கூச்சப்பட்டார். அடுத்த மூன்று வாரத்தில் சீட்டு எதுவும் இல்லாமலே எழுபத்தொன்றுக்கு இறங்கினார்.

அப்புறம்தான் கஷ்டமான பகுதி வந்தது. இறங்கிக்கொண்டே போனால் அதுவும் ஆகாது. ஆபரேஷனுக்குத் தெம்பு வேண்டும். வாரத்துக்கு ஒன்றைக் கூட்டச் சொன்னேன். இந்த வாரம் ஓர் இட்லி கூட. எடை ஏறாமல் நின்றால் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. குறைக்கச் சொன்னபோது கண் சிமிட்டாத பெண், கூட்டிக்கொள்ளச் சொன்னதும் பயந்துவிட்டார். நாலாவது இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். எடை குறைத்து முடித்த ஒவ்வொருவருக்கும் இந்தப் பயம் இருக்கும். கேட்டால் சொல்ல மாட்டார்கள், நாம்தான் தெரிந்துகொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். நான் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் கடையிலேயே நாலு இட்லி சாப்பிட்டேன். அவரும் சாப்பிட்டார்.

"இது எப்ப முடியும் டாக்டரம்மா?" என்று கேட்டார்.

"முடியாது" என்றேன். இனிமேல் யாரையும் ஏமாற்றுவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன்.

பாதையில் நாலைந்து பேர் மலையைக் கும்பிட்டபடி நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்த பச்சையம்மா சொன்னார்: "அப்போ விரதம்னு ஏன் சொன்னீங்க? கிரிவலம்னு சொல்லியிருக்கலாமே. கெளம்புன எடத்துக்கே வந்து நிப்பாங்க, அடுத்த பௌர்ணமிக்கு மறுபடியும் வருவாங்க. அதுக்கு யாரு பாயசம் வெச்சு முடிக்கறாங்க?"

பத்து வருஷமாக எனக்குத் தோன்றாததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அன்று முதல் பௌர்ணமிக்கு மறுநாள் எடை பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். பௌர்ணமி அன்று முடியாது, அன்றைக்குத்தான் அவருக்கு மாவுப் பாத்திரத்திலிருந்து கையெடுக்க நேரமிருக்காது.

ஐப்பசிக் கடைசியில் சென்னைக்குப் போட்டுக்கொள்ள ஒரு ராமர் பச்சை ஜாக்கெட்டைப் பிடிக்க எதிர்க் கடைக்கு வந்தார். எண்பத்துநான்கு கிலோவில் தைத்தது. நானும் கூடப் போனேன். பாய் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, வழக்கம்போல உள்ளே மடிக்கப் போனார்.

"உள்ள துணி வுடாதீங்க பாய். வெட்டிடுங்க" என்றார் பச்சையம்மா.

பாயின் கை நின்றது. "வெட்டினா மறுபடி ஒட்ட வெக்க முடியாதும்மா."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

பாய் என்னைப் பார்த்தார். வெட்டச் சொல்லலாமா என்று எனக்கும் திக்கென்றது. ஒரு கிலோ ஏறினாலும் ஹூக்கு மாட்டாது, மனசு உடைந்துபோகும். நான் வாயைத் திறப்பதற்குள் பாயே கத்தரியை எடுத்தார். "முழுசா வெட்ட மாட்டேன். அரை இன்ச் விடறேன். மனுஷ உடம்பு, கொஞ்சம் ஏறும், கொஞ்சம் எறங்கும். மிச்சத்தை வெட்டிடறேன்" என்று சொல்லி, அப்படியே வெட்டினார்.

ஒரே எண்ணில் யாரையும் நிற்கச் சொல்லாதீர்கள். நின்றுகொண்டே இருக்க யாராலும் முடியாது. அரை இன்ச் விடுங்கள், இரண்டு இன்ச் விடாதீர்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

கார்த்திகை வந்தது. தீபத் திருவிழா நாட்களில் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதையில் எள் போட்டால் எள் விழாது. பத்தடிக்கு ஒரு பந்தலில் அன்னதானம். பச்சையம்மா கடையில் அடுப்பு அணையவே இல்லை. ஏழுமலைக்கு அந்த வாரம் மூச்சுத் திணறி, வேலூருக்கு இரண்டு நாள் என்பது மூன்று நாள் ஆகியிருந்தது. தை தள்ளிப்போனால் அவர் தாங்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தீபத்தன்று சாயங்காலம் நான் போனபோது, பக்கத்துப் பந்தலில் கொடுத்த பாயசத்தைத் தொன்னையில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.

"பயப்படாதீங்க. முடிக்கலே. ஒரு தொன்னை பாயசம் சாப்ட்டேன், அவ்ளோதான்."

கையைக் கழுவிக்கொண்டு இட்லிப் பானைக்குப் போய்விட்டார்.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் அக்காவும் தம்பியும் வந்தார்கள். மெஷினில் ஏறினார். முள் ஆடி ஆடி நின்றது. எழுபத்தொன்றரை. இன்னொரு தடவை ஏறச் சொன்னேன். எழுபத்தொன்றரைதான். ஏழுமலை சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. ரோட்டைக் கடந்து ஓடிப்போய் பாயிடம் சொன்னேன்.

"அப்போ எனக்கு வேலை கம்மி" என்று சொல்லி, அன்றைக்கு முதல்முறையாகத் தலையைத் தூக்கிச் சிரித்தார்.

தை மாசம் ஆபரேஷன் நடந்தது. "உள்ள வெச்ச ஒடனே வேலை செஞ்சிச்சாம் டாக்டரம்மா. இட்லிக்கடைக்காரி கிட்னி, சும்மா குந்தியிருக்குமா?" என்று பச்சையம்மா வந்து சொன்னபோது ஆஸ்பத்திரியே சிரித்தது. அதற்கப்புறமும் சில பௌர்ணமிகள் வந்தார். பிறகு வருவது குறைந்து, நின்றேபோனது. மஞ்சள் தாள்களை நான் அந்த வருஷமே எடைக்குப் போட்டுவிட்டேன்.

2008இல் நான் ஓய்வு பெற்ற அன்று மாலை, சால்வை, கேடயம் எல்லாம் கொடுத்தார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் அக்காவும் தம்பியும் வந்தார்கள். ஏழுமலை வேனை வாசலில் நிறுத்திவிட்டு, இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். முதல் நாள் முகம் வீங்கி வந்த ஆளா என்று இருந்தது. பச்சையம்மா அதே உடம்பு. ஒரு துணிப்பையிலிருந்து அந்த ராமர் பச்சை ஜாக்கெட்டை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி என் மேஜை மேல் வைத்தார்.

பாய் விட்ட அரை இன்ச் அப்படியே உள்ளே மடிந்திருந்தது. ஆனால் அதன் மேல் ஓடிய தையல் பச்சை நூல் இல்லை. கறுப்பு நூல், கைத்தையல்.

"இது பாய் போட்டது இல்லையே?"

"அவரு கடையை மூடிட்டு மவன் வூட்டுக்குப் போயி மூணு வருஷம் ஆச்சே. நான் போட்டது. ரெண்டு வருஷம் முன்ன, ஏழுமலை பொண்ணுக்குக் காது குத்தினோம். ஒரு மாசம் வூடெல்லாம் பலகாரம். ஹூக்கு மாட்டல. பிரிச்சுப் போட்டுக்கினேன். அப்புறம் ருசி பாக்கற வேலையை மறுபடி வூட்டுக்காரருகிட்ட குடுத்தேன். நாலு பௌர்ணமி ஆச்சு. புடிச்சுட்டேன். கடையில பச்சை நூலு கெடைக்கல."

"என்கிட்ட வரவே இல்லையே நீங்க?"

"எதுக்கு வரணும்?" என்று கேட்டார், எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்பது போல.

பத்தொன்பது வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. உங்கள் ஆள் உங்களிடம் வராமல் இருப்பதற்கு வேலை செய்யுங்கள். கேடயத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, இந்த ஜாக்கெட்டை ஞாபகமாக நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

பச்சையம்மா பட்டென்று அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்குதே! நாளைக்குப் பௌர்ணமி. கடைக்கு லீவு வுட்டுட்டுத் தம்பியோட மலை சுத்தப் போறேன். இதைத்தான் போட்டுக்கணும்."